ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தேதி: சேமிப்பு, கடன், முதலீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணக் கணக்கில் யோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் வெவ்வேறு வயதினர்; வருமானமும் வெவ்வேறு. ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை எழுதி வைத்தால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்வி ஓடுகிறது: இந்தப் பணம் எனக்கு எப்போது தேவைப்படும்? கையில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தேதியைக் குறித்துவிட்டால், அதை எங்கே வைப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். வரி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். கீழே உள்ள கணக்குகள் எந்த நாணயத்துக்கும் பொருந்தும்.

1. வருவது செலவுக்கே சரியாகப் போகிறது. இதில் எதைச் சேமிப்பது?

எங்கே போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதும் காலத்தில் எதையும் குறைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி பார்த்தால் போதும். சில்லறைச் செலவுகள்தாம் பணத்தைக் கரைக்கின்றன என்று நினைத்துத்தான் எல்லோரும் எழுதத் தொடங்குகிறார்கள். மூன்றாவது மாத முடிவில் கண்ணில் படுவது மாதந்தோறும் தானாகப் போகும் மூன்று நான்கு பெரிய தொகைகள்: வாடகை, வாகனத் தவணை, மறந்துபோன சந்தாக்கள், பழைய கடனின் வட்டி. இவற்றில் ஒன்றை ஒருமுறை யோசித்துக் குறைத்துவிட்டால் அதன்பின் ஒவ்வொரு மாதமும் மிச்சம்.

வருமானமே அடிப்படைத் தேவைக்கு எட்டாதவரிடம் சிக்கனம் பேசுவது அநியாயம். அவருடைய முதல் முதலீடு ஒரு கைத்தொழிலாகவோ, ஒரு சான்றிதழாகவோ, கூடுதல் சம்பளம் தரும் வேறு வேலையாகவோ இருக்கட்டும். உழைத்துச் சம்பாதிக்கும் திறனைவிடப் பெரிய சொத்து இளம் வயதில் யாரிடமும் இல்லை.

2. எத்தனை சதவீதம் சேமித்தால் போதும்?

வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நல்ல இலக்கு. ஆனால் இன்று 3 சதவீதம்தான் முடியும் என்றால் அதிலேயே தொடங்குங்கள். சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகை வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பேன் என்று சொன்னவர்களுக்கு மிஞ்சியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதியைச் சேமிப்பில் கூட்டிக்கொண்டே போங்கள். பொருளியல் அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் இதை ஓர் அமெரிக்க நிறுவனத்தில் சோதித்தார்கள். வருங்கால ஊதிய உயர்வின்போது சேமிப்பைக் கூட்டிக்கொள்ள இப்போதே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கைக்கு வந்து பழகாத பணத்தை ஒதுக்கி வைப்பதில் வலி இல்லை.

3. அவசரத்துக்கென்று பணத்தைச் சும்மா போட்டு வைப்பது வீண்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் என் கதையிலிருந்து பதில் சொல்கிறேன். 2009 தொடக்கத்தில் என்னிடம் இருந்த பங்குகளை ஏறக்குறைய அடிமட்ட விலையில் விற்றேன். சந்தையின் மீது நம்பிக்கை போய்விட்டதென்று விற்கவில்லை. வேலை போயிருந்தது, வீட்டுச் செலவுக்கு வேறு பணம் இல்லை. வாங்கும்போது எடுத்த முடிவில் பிழை இல்லை. தேதி குறிக்காத பணத்தை வைத்து வாங்கியதுதான் பிழை.

அவசரகால நிதியின் தேதி ‘நாளை’ என்பதாகக்கூட இருக்கலாம். அதனால் அது வளர வேண்டியதில்லை. கேட்ட நேரத்தில் முழுசாகக் கைக்கு வந்தால் போதும். நிலையான சம்பளக்காரருக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவு. தொழில் செய்பவர், ஒருவர் வருமானத்தை நம்பியுள்ள குடும்பம் என்றால் ஒன்பது மாதம், ஓராண்டு வரைகூட வைத்திருக்கலாம். சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். 1-ஆம் கேள்வியில் சொன்ன நோட்டைத் திறந்து, செலவை வைத்துக் கணக்கிடுங்கள்.

4. கடனும் இருக்கிறது, சேமிக்கவும் ஆசை. எதை முதலில் பார்ப்பது?

வட்டி விகிதம்தான் முடிவு செய்யும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் என்றால் அதை ஆண்டுக்கு 36 என்று நினைக்கிறோம். வட்டிக்கு வட்டி ஏறுவதால் உண்மையில் அது 42.6 சதவீதம். கட்டாமல் விட்டால் இரண்டே ஆண்டுகளில் கடன் இரட்டிப்பாகிவிடும். இந்த வேகத்தில் நிச்சயமாக வளரும் முதலீடு உலகத்தில் எதுவும் இல்லை. எனவே ஒரு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதிக வட்டிக் கடனின் மேல் போடுங்கள். அது தீர்ந்த பிறகுதான் 3-ஆம் பதிலில் சொன்ன முழு நிதியும் முதலீடும்.

பல கடன்கள் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதே கணக்குப்படி லாபம். சிறிய கடன் ஒன்றை முழுசாக அடைத்தால்தான் தெம்பு வரும் என்பவர் அப்படியே செய்யட்டும். பாதியில் கைவிடுவதற்கு அது எவ்வளவோ மேல். குறைந்த வட்டியுள்ள வீட்டுக் கடனைத் தவணைப்படி கட்டிக்கொண்டே சேமிக்கலாம்.

5. சின்ன வயதிலேயே தொடங்கு என்கிறார்கள். பத்து வருடத்தில் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்?

ஒருவர் 25 வயதிலிருந்து மாதம் 1,000 போடுகிறார். இன்னொருவர் அதே தொகையை 35 வயதிலிருந்து. இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி, மாதந்தோறும் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 60 வயதில் முதலாமவரிடம் ஏறக்குறைய 22.9 லட்சம் இருக்கும். அவர் கட்டியது 4.2 லட்சம். இரண்டாமவரிடம் 9.5 லட்சம், கட்டியது 3 லட்சம். கூடுதலாகப் போட்ட 1.2 லட்சத்துக்குக் கிடைத்தது 13 லட்சத்துக்கும் மேல். முதல் பத்தாண்டுகளில் போட்ட பணம்தான் நெடுங்காலம் உழைக்கிறது.

மனக்கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 72-ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும்: 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகள், 8 என்றால் 9. இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலிலேயே இது இருக்கிறது.

6. நான் எல்லாவற்றையும் வங்கி டெபாசிட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது போதாதா?

மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்துக்கு அதுதான் சரியான இடம். முப்பது ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு அது ஆபத்தான இடம். 72 சூத்திரத்தை விலைவாசியின் மேல் வைத்துப் பாருங்கள். பணவீக்கம் 6 சதவீதம் என்றால் விலைகள் 12 ஆண்டுகளில் இரண்டு மடங்கு, 24 ஆண்டுகளில் நான்கு மடங்கு. டெபாசிட் 7 சதவீதம் தருகிறது, அந்த வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது என்றால் கையில் நிற்பது 5.6. பாஸ்புத்தகத்தில் எண் வளர்கிறது, அந்தப் பணத்தால் வாங்கக்கூடியது குறைகிறது. இந்த நஷ்டம் எந்த ரசீதிலும் அச்சாகி வராது என்பதால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை.

7. இத்தனை வருடம் காப்பீடு கட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. பணம் போச்சுதானே?

ஒன்றும் ஆகாமல் இருந்ததே நல்ல செய்தி. காப்பீடு என்பது தாங்க முடியாத இழப்பை, தாங்கக்கூடிய சிறு செலவாக மாற்றிக்கொள்வது. உங்கள் சம்பாத்தியத்தை நம்பி யாராவது இருந்தால் ஆயுள் காப்பீடு தேவை. யாரும் இல்லாவிட்டால் அவசியமில்லை. மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் வேண்டும், அரசே முழுச் சிகிச்சையையும் தரும் நாடுகளில் வசிப்பவர்களைத் தவிர.

காப்பீட்டையும் முதலீட்டையும் ஒரே திட்டத்தில் சேர்த்து விற்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாக இருக்கும். இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் இன்சூரன்ஸில் பிரீமியம் மிகக் குறைவு. மிச்சத்தைத் தனியாக முதலீடு செய்யலாம். குடும்பத்தின் ஆண்டுச் செலவைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கும், நிலுவைக் கடனும் சேர்ந்த தொகைக்குக் காப்பீடு எடுங்கள்.

8. பங்குச்சந்தை என்பதே சூதாட்டம்தானே?

எப்படி நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பங்கு என்பது ஒரு தொழிலின் சிறு உரிமை. அந்தத் தொழில் பொருள் செய்கிறது, விற்கிறது, லாபம் ஈட்டுகிறது. அந்த லாபத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. யாரோ சொன்ன ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் போட்டு, அடுத்த வாரம் ஏறுமா என்று காத்திருந்தால் அது சூதாட்டம்தான். பல துறை, பல நிறுவனம் என்று பிரித்து நீண்ட காலம் வைத்திருப்பது வேறு. ஒன்றாக ஏறி இறங்காத சொத்துகளைச் சேர்த்து வைத்தால் மொத்த ஆபத்து குறையும் என்பதை ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் கணித வடிவில் காட்டினார். 1990-இல் அதற்காகவே பொருளியல் நோபல் பெற்றார்.

‘நீண்ட காலம் வைத்திருந்தால் நஷ்டமே வராது’ என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். ஜப்பானின் முன்னணிப் பங்குகளின் விலைப்போக்கை ஒரே எண்ணாகக் காட்டும் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! ஒரே நாட்டை, ஒரே வகைச் சொத்தை நம்பி இருக்க வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏழு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

9. இறங்கும்போது வாங்கி, ஏறும்போது விற்றுவிட்டால் போயிற்று. ஏன் சும்மா வைத்திருக்க வேண்டும்?

எது அடி, எது உச்சம் என்று அன்றைக்கே தெரிவதில்லை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை ஏறக்குறைய 57 சதவீதம் சரிந்தது. அந்த மார்ச் மாதத்தில் இதுதான் அடி என்று யாரும் மணி அடிக்கவில்லை. செய்திகள் எல்லாம் இன்னும் மோசமாகும் என்றே சொல்லிக்கொண்டிருந்தன. குறியீடு பழைய உச்சத்தை 2013-இல் தாண்டியது.

அடிக்கடி வாங்கி விற்பதன் விலையும் தெரிந்ததே. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் பெற்றது 11.4 சதவீதம். மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டுவருகிறவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. விலை குறைந்த மாதத்தில் தானாகவே அதிகப் பங்குகள் கிடைத்துவிடுகின்றன.

10. கட்டணம் ஒன்றரை சதவீதம்தானே, அதைப் போய்ப் பெரிதாகப் பேசுகிறீர்களே?

ஒரு லட்சம், 8 சதவீத வளர்ச்சியில் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் ஆகும். ஆண்டுதோறும் 1.5 சதவீதம், பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் ஃபண்டுக்குக் கட்டணமாகப் போய் 6.5 சதவீதமே கிடைத்தால் 6.6 லட்சம். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சந்தை எப்படிப் போகும் என்பது நம் கையில் இல்லை. எவ்வளவு கட்டணம் கொடுக்கிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

அதனால்தான் இண்டெக்ஸ் ஃபண்டுகளைப் பரிந்துரைக்கிறேன். இவை திறமையாகத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. குறியீட்டில் உள்ள எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வாங்கி வைப்பதால் செலவு குறைவு. சாதாரண மக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை ஜான் போகிள் 1976-இல் அமெரிக்காவில் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டினார்: 2008 முதல் 2017 வரை பத்தாண்டுகளில், வல்லுநர்கள் நடத்தும் ஐந்து நிதிகளைச் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் முந்தும் என்று. அது 125.8 சதவீதம் வளர்ந்தது. ஐந்தில் ஒன்றுகூட அதை எட்டவில்லை.

11. எது விழுந்தாலும் தங்கம் விழாது. அதையே வாங்கி வைக்கலாமா?

தங்கமும் விழும். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999-இல் 260 டாலருக்கும் கீழே இருந்தது. மீண்டும் 850-ஐத் தாண்ட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றவை கலங்கும் நேரத்தில் பல முறை அது உதவியிருக்கிறது என்பதும் உண்மை. மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு வரை வைத்துக்கொள்ளலாம்.

12. வாடகை கொடுப்பது தண்டம், கடன் வாங்கியாவது வீடு வாங்கு என்கிறார்களே?

வட்டியும் வாடகைதான், பணத்துக்குக் கொடுக்கும் வாடகை. 9 சதவீதத்தில், 20 ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 900. முதல் தவணையில் 750 வட்டிக்குப் போகிறது. அசலில் குறைவது 150 மட்டுமே. 20 ஆண்டுகளில் மொத்தம் கட்டுவது 2.16 லட்சம். அதையே 15 ஆண்டுகளில் அடைத்தால் தவணை 1,014 ஆகும். மொத்த வட்டியில் கால் பங்குக்கு மேல் மிச்சம்.

அதே ஊரில் பத்தாண்டுகளாவது இருப்பேன் என்ற உறுதி, 3-ஆம் பதிலில் சொன்ன நிதி, கணிசமான முன்பணம், தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமை: இவை இருந்தால் வாங்குங்கள். சொந்தக் கூரை தரும் நிம்மதிக்கு விலை போட முடியாது. இவை இல்லாமல் அகலக்கால் வைத்தவர்கள் வீட்டுக்குள் தூக்கமில்லாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். வாடகை, வாங்கினால் வரும் தவணையைவிட வெகு குறைவாக இருந்து, வித்தியாசத்தை நீங்கள் உண்மையிலேயே முதலீடு செய்தால் வாடகை வீடு தண்டம் இல்லை.

13. நம்பகமானவர் ஒருவர் மாதம் 5 சதவீதம் நிச்சயம் என்கிறார். ஆறு மாதமாகச் சரியாகக் கொடுத்தும் வருகிறார். போடலாமா?

வேண்டாம். சரியாகக் கொடுத்துவருவது நம்பிக்கை ஊட்டுவதற்காகவே. 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி 45 நாட்களில் 50 சதவீதம் தருவதாகச் சொன்னார். தந்தும் வந்தார், பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவர்களுக்கு. சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. பெர்னார்ட் மேடாஃப் இன்னும் நுட்பமானவர். பேராசை காட்டவில்லை, ஆண்டுதோறும் ஏற்ற இறக்கமில்லாத மிதமான லாபம் காட்டினார். 2008 டிசம்பரில் பிடிபட்டார், மறுஆண்டு 150 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவரிடம் ஏமாந்தவர்களில் படித்தவர்களும் வங்கிகளும் இருந்தார்கள்.

‘நிச்சயம்’, ‘அதிகம்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அசலை இன்றே திரும்பக் கேளுங்கள். உங்கள் பேச்சை நம்பிச் சேர இருப்பவர்களைத் தடுத்துவிடுங்கள்.

14. நெருங்கிய உறவினர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். எப்படி மறுப்பது?

ஜாமீன் போடுவது என்றால் அந்தக் கடனை நீங்களே வாங்கியதற்குச் சமம், பணத்தை மட்டும் அவர் செலவழிப்பார். முழுத் தொகையையும் நீங்கள் கட்ட நேர்ந்தால் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். தாங்காது என்றால், உங்களால் முடிந்த சிறு தொகையைத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற மனத்தோடு கொடுத்துவிடுங்கள். உறவும் நிற்கும், உங்கள் குடும்பமும் நிற்கும்.

15. எனக்கு 45 வயது. இதுவரை ஒன்றும் சேர்க்கவில்லை. இனிமேல் முடியுமா?

முடியும். 5-ஆம் பதிலைப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். காலம் குறைவு என்றால் தொகையைக் கூட்ட வேண்டும், அவ்வளவே. இந்த வயதில் பலருக்குச் சம்பளம் உச்சத்தில் இருக்கும், சில பெரிய செலவுகள் முடிந்திருக்கும். ஓய்வை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டால் இரட்டைப் பயன்: சேர்க்கும் ஆண்டுகள் கூடும், சேர்த்ததை வைத்து வாழும் ஆண்டுகள் குறையும். செய்யக்கூடாதது ஒன்றுதான்: விட்ட காலத்தைப் பிடிக்கிறேன் என்று 13-இல் சொன்னவர்களிடம் போய் விழுவது.

16. பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்ப்பதா, எங்கள் முதுமைக்குச் சேர்ப்பதா?

இரண்டுக்கும் முடிந்தால் நல்லது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் முதுமை. படிப்புக்குக் கடன் கிடைக்கும், உதவித்தொகை கிடைக்கும். முதுமைக்குக் கடன் கொடுப்பார் யாரும் இல்லை. இதைச் சுயநலம் என்று எண்ணிக் கலங்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வேலைக்குப் போன முதல் மாதத்திலிருந்தே பெற்றோரின் கடனைச் சுமக்காமல் இருப்பது பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

17. எவ்வளவு இருந்தால் வேலையை விடலாம்?

தொடக்கக் கணக்காக, ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு. இது அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 1926 முதலான அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்துப் பார்த்தபோது, பங்குகளும் கடன் பத்திரங்களும் (அரசுக்கோ நிறுவனத்துக்கோ கடன் கொடுத்து வட்டி பெறும் பத்திரங்கள்) கலந்த சேமிப்பிலிருந்து முதல் ஆண்டு 4 சதவீதம், அதாவது 25-இல் ஒரு பங்கு, எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியது. ஆனால் அது ஒரு நாட்டின் வரலாறு. பணவீக்கம் அதிகமான நாட்டில் இருப்பவரும், 50 வயதிலேயே ஓய்வு பெறுபவரும் 30, 35 மடங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது.

18. ஓய்வு பெற்ற முதல் வருடமே சந்தை விழுந்துவிட்டால் என்ன செய்வது?

நியாயமான பயம். 100 வைத்திருப்பவர் ஓராண்டு 30 சதவீத இழப்பு, மறுஆண்டு 30 சதவீத லாபம் கண்டால் கையில் 91 இருக்கும். வரிசையை மாற்றினாலும் 91தான். இப்போது ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 10 எடுத்துச் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லாபம் முதலில் வந்தால் மிஞ்சுவது 74.9, இழப்பு முதலில் வந்தால் 68.9. விழுந்த விலையில் விற்றுச் சாப்பிட்ட பணம் மீண்டு எழுவதற்கு அங்கே இல்லை. 2009-இல் எனக்கு நடந்ததும் இதுதான்.

தீர்வும் 3-ஆம் பதிலின் நீட்சிதான். ஓய்வுக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பிருந்தே, முதல் மூன்று நான்கு ஆண்டுச் செலவுக்கான பணத்தைச் சிறிது சிறிதாகப் பங்குகளிலிருந்து டெபாசிட்டுக்கும் குறுகிய காலக் கடன் பத்திரங்களுக்கும் மாற்றுங்கள். சந்தை விழுந்தால் அதிலிருந்து எடுத்துச் செலவழியுங்கள். மீண்டதும் நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் டெபாசிட்டுக்கு மாற்றிவிட வேண்டாம். 85 வயதில் தேவைப்படும் பணத்துக்கு 6-ஆம் பதில் இன்னும் பொருந்தும்.

19. எல்லாக் கணக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர்தான்; எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். சட்டப்படி செல்லும் உயில் ஒன்றை எழுதுங்கள், சொத்து சிறிதாக இருந்தாலும். பிறகு ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வங்கியில் என்ன கணக்கு, காப்பீட்டு எண், யாருக்கு நாம் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும், உயில் எங்கே இருக்கிறது, முதலில் யாரைக் கூப்பிட வேண்டும். கடவுச்சொற்களை அதில் எழுதாதீர்கள். அவற்றைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

தாளை எழுதிய அன்றே உங்கள் துணையையோ வளர்ந்த பிள்ளையையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களே ஒருமுறை வங்கிக்குப் போய் வரட்டும். தாளின் மேலே தேதி போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துவிடுங்கள்.